பாத்திரம் கழுவாதவனுக்கு நெட் கிடையாது

பழைய ரவுட்டர் கைக்கு வந்தால் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும், மேடம். பலர் இதைச் செய்வதில்லை. நேராக வயரைச் சொருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே நுழைவதற்கான முகவரி, பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் வீட்டு அலமாரி மேல் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ரவுட்டரில் அந்தத் தாள் தெரியாத அளவுக்குப் பிசுக்கு ஏறியிருந்தது. சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து எழுத்தை வெளியே கொண்டுவந்தேன். பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு, விளக்கெல்லாம் ஒன்றாக மின்னி அணையும் வரை அழுத்திப் பிடித்தேன். பழைய ஆட்கள் போட்டு வைத்தது அத்தனையும் அதோடு அழிந்தது. ஒரு ஆன்டெனாக் கொம்பு முறிந்து தொங்கியது. கறுப்பு டேப் சுற்றி நிமிர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்றுதான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். அஸ்திவாரத்தைச் சொல்லாமல் சுவரைச் சொல்ல எனக்கு வராது.

நான் கட்டட வேலையில் வளர்ந்தவன். அப்பா மேஸ்திரி. நானும் கல் சுமந்து, கலவை குழைத்து, இருபத்தாறு வயதில்தான் கல்லூரிப் படி ஏறினேன். அதனால் வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் நான் அண்ணன். பட்டப்பெயர் மேஸ்திரி. ஒருவன் சட்டம் படிக்கிறான், அவன் வக்கீல். இன்னொருவன் மருந்தியல், அவன் மருந்துக்கடை. நான்காவது ஆள் உங்கள் நோயாளி. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, நாள் முழுக்க அதில் உதட்டை நனைத்து நனைத்து ஓட்டுவான். அரை லிட்டர் என்று அவனுக்குப் பெயர் வைத்தது நாங்கள் இல்லை. அவனேதான்.

வீடு பாதி தரைக்குக் கீழே. சன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. பன்னிரண்டு படி ஏறித் தெருவுக்கு வர வேண்டும். வீட்டுக்குள் இருப்பவனுக்குப் போன் வர வேண்டுமானால் வைஃபை வழியாக வந்தால்தான் உண்டு. ரவுட்டர் நின்றுபோனால் நான்கு போனும் வெறும் கண்ணாடிச் சில்லு.

மற்றவர்களுக்கு அது சினிமா பார்க்கிற விஷயம். அரை லிட்டருக்கு அப்படி இல்லை. சிறுநீரகத்துக்காக நான்கு வருடமாக உங்கள் பட்டியலில் காத்திருந்தான். கிடைத்தால் போன் செய்வீர்கள். உடனே கிளம்பி வர வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ரவுட்டரில் முதல் முறை பச்சை விளக்கு எரிந்தபோது அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, இது நிக்காம ஓடுமா?”

“நான் கட்டின எதுவும் இதுவரைக்கும் விழுந்ததில்லடா.”

“நான் கட்டடத்தைக் கேக்கல. நெட்டைக் கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். மூடிட்டுப் போய்த் தூங்கு.”

அந்த வாரம்தான் உங்கள் படிவத்தில், தன் போன் கிடைக்காவிட்டால் கூப்பிட வேண்டிய இரண்டாவது எண் என்ற இடத்தில், என் எண்ணை எழுதினான். அவன் அம்மாவுக்குக் காது மந்தம். அக்கா ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறாள். வக்கீலும் மருந்துக்கடையும் தங்கள் போனையே கட்டிலுக்கடியில் தேடுகிற ஆட்கள். நான் பொறுப்பானவன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ரவுட்டருக்குள் போனால் ஒரு பக்கம் வரும். யார் யாருடைய போன், யாருடைய லேப்டாப் என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்தைத் தொட்டால் அந்த ஆள் வெளியே. கதவைச் சாத்துகிற சத்தம்கூட வராது. அதைப் பார்த்த அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா பார்த்துவிட்டு மூடினேன்.

எங்கள் வீட்டுத் தகராறு எப்போதும் பாத்திரத்தில்தான். தொட்டி நிறைந்து வழியும். பூசணம் பிடித்த குக்கரை யார் வைத்தது என்று மூன்று நாள் விசாரணை நடக்கும். அப்பாவின் வேலைத்தளத்தில் கல் தூக்காதவனுக்கு டீ கிடையாது. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கெட்டிலோடு வரிசையாக வருவார், அந்த ஆளிடம் வந்ததும் ஊற்றாமல் நகர்ந்துபோவார். அடுத்த நாள் அவன்தான் முதல் கல்லைத் தூக்குவான். அதையே நான் சொன்னேன். பாத்திரம் கழுவாதவனுக்கு அன்று நெட் கிடையாது. வக்கீல் குஷியாகி அதைச் சட்டமாக எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டினான். இரண்டாவது ஷரத்தாக, அரை லிட்டரின் போனை எந்தக் காரணத்துக்காகவும் துண்டிக்கக் கூடாது என்றும் எழுதினான். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துதான் முதலில் இருக்கிறது.

ஒரே வாரத்தில் தொட்டி பளபளத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மருந்துக்கடை அடுப்பைக்கூடத் துடைத்தான். நான் வெளியிலிருந்து வந்தால், “அண்ணே, டீ போடட்டா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை அந்த வீட்டில் நான் மண்வெட்டி பிடித்த கையோடு புத்தகம் தூக்கி வந்த ஒரு வயசான மாணவன், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இங்கே உட்கார்ந்து பொய் சொல்வதற்கில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை வக்கீல் வாணலியை அப்படியே விட்டுவிட்டுப் போனான். அவனுக்கு நெட்டை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவன் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. அரை லிட்டரின் போனிலிருந்து ஒரு வயர் வக்கீலின் லேப்டாப்புக்குப் போயிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போனைத்தான் நான் தொடக் கூடாதே. அது வழியாகத் தண்டனைக்காரனுக்கு நெட் போய்க்கொண்டிருந்தது.

“மேஸ்திரி கதவைப் பூட்டினா என்ன, நம்ம அரை லிட்டர் சன்னலைத் திறந்து விட்டுருவான்,” என்றான் வக்கீல்.

“பரீட்சைக்குப் படிக்கணும்னு சொன்னியேடா. அதுக்குத்தானே குடுத்தேன்.”

“பரீட்சையில குத்தாட்டம் வருதா?” என்றான் மருந்துக்கடை.

“மெதுவாப் பேசுங்கடா. அண்ணன் காதுல விழுந்துடும்.”

“விழட்டுமே. ஒரு டீ போட்டு நீட்டினா சரியாயிடும்.”

அப்போது அரை லிட்டரும் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை. ஆனால் சிரித்தான்.

நான் சத்தம் போடவில்லை. அப்பாவைப் போலத்தான், நகர்ந்து வந்துவிட்டேன். நான்கு நாள் யோசித்தேன். கோபத்தில் செய்தது என்று எழுதிவிடாதீர்கள். கோபம் வியாழக்கிழமையே போய்விட்டது.

ஞாயிறு மதியம் மூன்று பத்துக்கு அவன் போனுக்கான கட்டத்தைத் தொட்டேன். இரண்டு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொண்டேன். அன்று அவன் பாத்திரம் கழுவினானா என்று கேட்பீர்கள். கழுவினான். துடைத்துக் கவிழ்த்தும் வைத்திருந்தான். இது பாத்திரத்துக்கான தண்டனை இல்லை, சன்னலைத் திறந்ததற்கு. அந்த ஷரத்து சட்டத்தில் இல்லைதான். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வீட்டை நடத்த முடியாது. அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். முதல் நாள்தான் உங்களிடம் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தான், மறுநாள் அவனால் எழுந்து நிற்கவே முடியாது. தூங்குகிறவனுக்கு நெட் எதற்கு என்றும் ஒரு நியாயம் இருந்தது.

பாத்திரம் தேய்க்கிற நார் தீர்ந்திருந்தது. வாங்கி வரலாம் என்று படியேறித் தெருவுக்கு வந்தேன். சிக்னல் வந்ததும் போன் அடித்தது. மூன்று நாற்பது.

“நீங்க அவரோட அண்ணனா சார்?”

“ஆமாங்க.”

“அரை மணி நேரமா அவர் போனுக்கு முயற்சி பண்றோம், போகவே மாட்டேங்குது. சிறுநீரகம் வந்திருக்கு. பொருத்தம் நல்லா இருக்கு. உடனே கூட்டிட்டு வர முடியுமா?”

நான் நின்ற இடத்திலிருந்து எங்கள் சன்னல் தெரிந்தது. பன்னிரண்டு படிதான். இறங்கிப் போய் அவனை எழுப்பலாம். எழுப்பினால், போன் ஏன் போகவில்லை என்று அவன் பார்ப்பான். வக்கீல் பார்ப்பான். வக்கீலுக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டாவது ஷரத்தை மீறியவன் என்று என் பெயரையே ஃபிரிஜில் ஒட்டுவான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் ஒரு தட்டைக் கழுவுவார்கள், சொல்லுங்கள். இன்னொன்றும் நினைத்தேன். இரண்டு மாதம் முன்பும் இப்படித்தான் கூப்பிட்டீர்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாதி நாள் படுத்திருந்தான், கடைசியில் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். இதுவும் அப்படித்தான் முடியும் என்று எடுத்துக்கொண்டேன். பொருத்தம் நல்லா இருக்கு என்று நர்ஸம்மா சொன்னது காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லவில்லை.

“அவர் ஊர்ல இல்லீங்க,” என்றேன்.

“எப்போ வருவார்?”

“ரெண்டு நாளாகும்.”

“நிச்சயமாத் தெரியுமா சார்? இல்லேன்னா நாங்க அடுத்தவரைக் கூப்பிடணும்.”

“கூப்பிடுங்க.”

உங்கள் மேசையில் இருக்கிற போன் கணக்குத் தாளில் நாற்பத்தொரு வினாடி என்று போட்டிருக்கிறதே, அது இதுதான். இந்தத் தாள் வருவதற்கு முன்பே, எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார் என்று அந்த நர்ஸம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். அவர் மேல் தப்பில்லை. சரியான எண்ணுக்குத்தான் போட்டார். மரியாதையாகவும் பேசினார்.

நார் இரண்டு வாங்கினேன், வாணலிக்குத் தனியாக ஒன்று. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதே தடையை எடுத்திருந்தால் உங்கள் போன் மறுபடி வந்திருக்குமோ என்கிறீர்கள். வந்திருக்கலாம். நேரத்துக்கு முன்னால் எடுத்தால் அது தண்டனை ஆகாது. ஐந்து பத்துக்கு எடுத்தேன். ஒரு நிமிடம்கூட அதிகம் வைக்கவில்லை. எழுந்து வந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தொடர்பில் இல்லாத நேரத்தில் வந்த எந்த அழைப்பும் அந்தப் போனில் பதிவாவதில்லை.

செவ்வாய்க்கிழமை உங்களிடமிருந்து திரும்பி வந்தான். சொல்லாமல் வெளியூர் போனதால் ஆறு மாதத்துக்குப் பட்டியலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றான். ஊசி குத்த இடமில்லாமல் கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“அண்ணே, உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் ஏதாவது வந்துச்சா?”

“வரலையே.”

“நான் ஊர்ல இல்லேன்னு யாரோ சொன்னாங்களாம்.”

“நம்பரை மாத்திப் போட்டிருப்பாங்கடா. அவங்களுக்கும் எத்தனை வேலை.”

“இருக்கும்ணே. வந்திருந்தா நீங்க என்னைத் தூக்கிட்டே ஓடியிருப்பீங்க.”

ஓடியிருப்பேன். அன்று பாத்திரம் அவன் முறை. நான் கழுவுகிறேன், நீ படு என்றேன். சட்டம் சட்டம்தான் அண்ணே என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நான்கு தட்டையும் கழுவினான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு சட்டம் ஒரு மனிதனுக்குள் அந்த அளவு இறங்குவதை நான் தளத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்தச் சிறுநீரகம் இரண்டு குழந்தைகளுக்கு அம்மாவான ஒரு பெண்ணுக்குப் போனதாகவும், அவர் எழுந்து நடப்பதாகவும் நீங்கள்தான் சொன்னீர்கள். நன்றி எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. அதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது சரி. போனைத் துண்டித்தது நான். ஊரில் இல்லை என்று சொன்னது நான். அவன் பன்னிரண்டு படிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தான், அது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன். இதை வைத்து அவனைப் பட்டியலில் பழைய இடத்திலேயே சேர்ப்பீர்கள் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். அவனிடம் விவரமாகச் சொல்ல வேண்டாம், வீட்டில் ஒழுங்கு கெட்டுவிடும்.

புதுப் படிவத்தில் இரண்டாவது எண்ணுக்கு அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நன்றாக யோசித்துப் பார்த்தேன், மேடம். என்னையே போட்டுக்கொள்ளுங்கள். போன் வந்தால் எடுக்கிற பொறுப்பான ஆள் அங்கே வேறு யாருமில்லை.