குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு

— நில்லுங்க. யாரு அவ?

— எவ?

— அதைத்தான் நானும் கேக்கறேன். இப்ப என்ன சொன்னீங்க? "குடிக்கப் போறேன்". சட்டையை மாத்திக்கிட்டு, கைலி இல்லாம பேன்ட் போட்டுக்கிட்டு, வீட்டுல சொல்லிட்டு எந்தப் புருஷன் குடிக்கக் கிளம்புவான்?

— இந்தா பாரு, வழியை விடு.

— ஏன், ஆறு மணி தாண்டிடுமா? பதினாலு வருஷமா தினமும் குடிச்ச மனுஷன், ரெண்டு மாசமா செவ்வாய், வியாழன், சனின்னு டைம்டேபிள் போட்டுக் குடிக்கிறாரு. ஆறுக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடிச்சுடறாரு. குடிகாரனுக்கு ஏதுங்க பெல்லு?

— உடம்பு தாங்கல. குறைச்சுக்கிட்டேன்.

— அப்ப அந்தத் தள்ளாட்டம்?

— எந்தத் தள்ளாட்டம்?

— சனிக்கிழமை மாடிப்படியில போட்டீங்களே. ஐயா, உங்க நிஜத் தள்ளாட்டம் எனக்கு மனப்பாடம். இடது பக்கம்தான் சாய்வீங்க. அன்னிக்கு வலது பக்கம் சாஞ்சீங்க. சாஞ்சுட்டு செருப்பை ஜோடியா வேற வச்சீங்க.

— அது... கவனிக்கல.

— வாயைத் திறந்தா டீயும் பிஸ்கட்டும் மணக்குது. மருந்துக் கடையில நிக்கிறவ நான். மூடியைத் திறந்தாலே எந்த டானிக்னு சொல்லிடுவேன். உங்களுக்கு டீ போட்டுத் தர்றவ யாரு?

— அவளுக்கு வயசு அறுபத்தெட்டு. மீசை இருக்கு.

— விளையாடாதீங்க. பெட்டி கட்டிட்டேன். பாப்பா துணியும் அதுலதான் இருக்கு. குடிகாரனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டேன். இன்னொருத்தியும் இருந்தா என்னால முடியாது.

— பெட்டியா? ஏய், நிஜமாவா?

— கட்டிலுக்கு அடியில பாருங்க.

— உக்காரு. சொல்றேன். சிரிக்கக் கூடாது.

— கதையைப் பொறுத்து.

— மார்க்கெட்டுக்குப் பின்னாடி லைப்ரரி மாடியில ஒரு ஹால் இருக்கு. ஃபேன் ஓடலன்னு கூப்பிட்டாங்க. ஏணி போட்டு ஏறுனேன். கீழ பத்துப் பேரு வட்டமா உக்காந்து பேசிட்டிருந்தாங்க. குடியை விட்டவங்க, விடப் பாக்கறவங்க.

— சரி.

— கண்டென்சர் போயிருந்துச்சு. பத்து நிமிஷ வேலை. ஒன்றரை மணி நேரம் ஏணியிலேயே நின்னேன்.

— ஒன்றரை மணி நேரமா!

— யாரு பேசினாலும் என் கதையாவே இருந்துச்சு. ஒருத்தன், பாட்டிலை டூல்ஸ் பாக்ஸ்ல ஒளிச்சு வச்சதைச் சொன்னான். தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஸ்க்ரூட்ரைவர் நழுவி அவன் மடியிலேயே விழுந்துச்சு.

— ஐயோ... இல்ல, சிரிக்கல. சொல்லுங்க.

— கிளம்பறப்ப ஒரு ஒயரை லூஸ் பண்ணிட்டு வந்தேன்.

— எதுக்கு?

— மறுபடி கூப்பிடட்டும்னு. கூப்பிட்டாங்க. இப்படி மூணு தடவை.

— அடப்பாவமே! உள்ள வரலாமான்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்குக் கூச்சம், ஃபேனைக் கெடுக்கறதுக்குக் கூச்சமில்ல!

— நாலாவது தடவை அந்த மீசைக்காரர் வந்து ஏணியைத் தட்டினாரு. அவருதான் டீ போடறவரு. கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. "எலக்ட்ரீஷியன் தம்பி, ஃபேனுக்கு ஒண்ணுமில்ல. உங்க ஸ்டாப் வந்துடுச்சு, எறங்கி உக்காருங்க"ன்னாரு. எறங்கிட்டேன். அன்னியிலேருந்து ஒரு சொட்டு இல்ல.

— எத்தனை நாளாச்சு?

— நாப்பத்தொம்போது.

— இதைப் போய் மறைப்பாங்களா? நல்ல காரியத்துக்குப் போயிட்டு, குடிக்கப் போறேன்னு சொல்ற பைத்தியக்காரனை நான் கேள்விப்பட்டதே இல்ல.

— ஏழு தடவை உன்கிட்ட சத்தியம் பண்ணேன். ஒண்ணுகூட ஒரு வாரம் தாண்டல. ஏழு தடவையும் நீ நம்பின. எட்டாவது தடவை உன்னை நம்ப வச்சுட்டுக் கவுக்க எனக்குத் தெம்பில்ல. குடிக்கறேன்னே சொல்லிட்டா, தோத்தாலும் உனக்குப் புதுசா எதுவும் போகாது பாரு.

— அட மடையா... ஐயோ, வாய் தவறிடுச்சு.

— பரவால்ல. சரியாத்தான் சொன்ன.

— எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. அந்தத் தள்ளாட்டத்தை மட்டும் விட்டுடுங்க. சகிக்கல.

— பெட்டி?

— ராத்திரி நீங்களே பிரிச்சு அடுக்குங்க. அதான் தண்டனை. இப்ப ஓடுங்க, நேரமாச்சு. ஏன் இன்னும் நிக்கறீங்க?

— இன்னைக்கு என் முறை. எழுந்து நின்னு பேசணும். பாப்பா ஸ்கூல் ஆண்டு விழா அன்னிக்கு கேட்டுலயே விழுந்து கிடந்தேனே, அதை.

— ம்.

— நாலு நாளா வேலை செய்யற இடத்துல சுவிட்ச் போர்டைப் பாத்துப் பேசிப் பழகினேன். முதல் வரியைத் தாண்ட முடியல.

— ஆளுங்க முகத்தைப் பாத்தா வந்துடும். போங்க.

— நீயும் வாயேன்.

— நானா? பாப்பா டியூஷன் முடிஞ்சு வர்ற நேரம். அங்க எனக்கென்ன வேலை? இத்தனை நாளு தனியாத்தானே போனீங்க?

— போனேன். ஒவ்வொரு நாளும் குடிக்கப் போறேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனேன். இன்னைக்குக் கிளம்பறப்ப சொன்னது பொய் இல்ல.