விழுந்தவளை யாரும் கேட்கவில்லை

அவையின் தலைமையேற்று அமர்ந்திருக்கும் காவலாளர் சங்கத்தின் ஐயா திருமலைசாமி அவர்களே, மில் வாசலிலும் வங்கி வாசலிலும் நின்று நின்றே கால் மரத்த பெரியோர்களே, துணிக்கடை வாசலில் வருவோர்க்கெல்லாம் வணக்கம் வைத்தும் பதில் வணக்கம் பெறாத தாய்மார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்த அன்புக்கரசியின் வணக்கம்.

நான் பட்டிமன்றப் பேச்சாளர், வாயை வைத்துப் பிழைப்பவள். அந்த வாயைக் கட்டிக்கொண்டு மருத்துவமனையில் கிடந்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், எனக்கு வலித்தது.

தொண்டாமுத்தூர் அருகே எங்கள் குடியிருப்பு. போன மாதம் ஒரு விடியற்காலை, பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். வாசற்காவலர் மயில்சாமி ஓடி வந்தார், முதுகில் கை வைத்து என்னை உள்ளே தள்ளினார், கதவை இழுத்து அடைத்தார். குப்புற விழுந்தேன், தாடை விரிசல் விட்டது. திரும்பிப் பார்த்தால், சற்று முன் நான் நின்ற இடத்தில் யானை நிற்கிறது.

எங்கள் வாசலின் உட்புறத்தை மட்டும் பார்க்கும் கேமரா எதைக் கண்டது? தள்ளிய கையைக் கண்டது, விழுந்த பெண்ணைக் கண்டது. கதவுக்கு அப்புறம் நின்ற யானையை மட்டும் காணவில்லை.

மாலையில் தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து: பெண்ணைத் தாக்கிய காவலாளி. நால்வர் அமர்ந்து விவாதம். இப்படிப்பட்ட ஆட்களை நம்பியா வீட்டை விட்டுப் போகிறோம் என்றார் ஒருவர். மயில்சாமி யானை என்று சொன்னதைக் கட்டுக்கதை என்றார் இன்னொருவர். மறுநாள் அவருடைய சீருடையை நிறுவனம் பறித்துக்கொண்டது.

கடைசி வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார்: "நாங்க கண்ணு முழிச்சுக் காத்ததை எந்த டிவிங்க போட்டுச்சு?" நியாயம் அண்ணா. திருடு போனால் செய்தி. திருடு போகாமல் காத்தால்? நடக்காமல் போனதைப் படம் பிடிக்க இன்னும் கேமரா வரவில்லை.

அந்த நால்வரையும் கேட்டார்கள். நாட்டையே கேட்டார்கள். விழுந்த என்னைக் கேட்டார்களா? படுக்கையில் கிடந்து தவித்தேன் ஐயா. தாளில் 'யானை' என்று எழுதி நர்ஸம்மாவிடம் நீட்டினேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "யானையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, பேசாமத் தூங்குங்க" என்றார். பேசாமல்தானே அம்மா கிடக்கிறேன்!

பிறகு வந்தார் ஒரு பெண், இதோ மேடையில் இருக்கும் செய்தியாளர் இல்மா. அவரும் அதே ஊடகம்தான், அதே மைக்தான். ஆனால் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அன்னைக்கு என்னதானுங்க நடந்துச்சு?" எழுதிக் காட்டினேன். நேரே எதிர்த் தோப்புக்குப் போனார், அங்கிருந்த கேமராப் பதிவை வாங்கினார். அன்று மாலை ஊரே யானையைப் பார்த்தது.

அப்பாடா! என் தாடை கூடியபோது வராத நிம்மதி அன்று வந்தது. நேற்று மயில்சாமி சீருடையோடு அதே வாசலில் நின்றார். பழித்ததும் செய்திதான், மீட்டதும் செய்திதான். நடுவில் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

மயில்சாமி அண்ணா, எழுந்து நில்லுங்கள். இவ்வளவு பட்டபின், நாளை யானை வந்தால் மறுபடியும் தள்ளுவீர்களா?

"தள்ளுவேனுங்க அம்மணி. நீங்க மட்டும் இந்த வாட்டி வாயில அடிபடாம உழுந்து போடுங்க."

கைதட்டல் அவருக்கே போகட்டும். கேட்ட காதுகளுக்கு நன்றி. வீடு திரும்பும்போது உங்கள் தெரு வாசலில் நிற்பவர் வணக்கம் வைப்பார்; திருப்பி வையுங்கள், அதுவே எனக்கு வைத்ததாகும். வணக்கம்.