மூச்சு மெஷினும் இரண்டு பேட்டரிக் கட்டையும்

ராத்திரி பதினொன்றரை மணி. எண்ணூர் போகிற ரோடு. ஒரு லாரி இல்லை, ஒரு நாய் இல்லை. நம்ம கொருக்குப்பேட்டை துரை இருக்கிறானே... அவனுடைய சித்தப்பா எத்திராஜ், ஆஸ்பத்திரி வேலை முடிந்து காத்திவாக்கத்துக்குச் சைக்கிள் மிதிக்கிறார். எழுபத்தி நாலாம் வருஷம். ஹேண்டில்பாரில் டிரான்சிஸ்டர் தொங்குகிறது. பாட்டு இல்லை. எட்டு நாளாக அவர் அதைப் போடுவதே இல்லை.

ஏன் என்று கேளுங்கள்.

தானாக மூச்சு விட முடியாதவர்களுக்கு மூச்சு கொடுக்கிற மெஷின் ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. குழாய் கழன்றால் அலறுவதற்கு அதில் ஒரு மணிப்பெட்டி. தினமும் சாயங்காலம் குழாயைக் கழற்றி, மணி அலறுகிறதா என்று பார்ப்பது எத்திராஜின் வேலை. எட்டு நாளைக்கு முன்னால் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? டிரான்சிஸ்டரில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மணிப்பெட்டியிலிருந்து இரண்டு பேட்டரிக் கட்டையை உருவி அதில் போட்டுக்கொண்டார். காலையில் திருப்பி வைத்துவிடலாம், ஒரு ராத்திரிதானே!

"அலாரம் பாத்துட்டியா எத்திராஜ்?" என்று கேட்டார் ஹில்டா சிஸ்டர்.

"பாத்துட்டேன் சிஸ்டர்."

அந்த ராத்திரி மெஷினில் கிடந்தவள் மலிகா. இருபத்திரண்டு வயசு. குழாய் கழன்றது. மணி அடிக்கவில்லை. சிஸ்டர் அடுத்த வார்டில். பாவம் அந்தப் பொண்ணு, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கத்தினாலும் குரல் வராது. மூச்சு முட்டியே செத்துப்போனாள்.

காலையில் எத்திராஜ் கமுக்கமாகக் கட்டைகளைத் திருப்பி வைத்தார். பழி சிஸ்டர் தலையில் விழுந்து வேலை போனது. பாவி மனுஷன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டாமா?

இப்போது, ரோட்டில்... புஸ்... டக். புஸ்... டக்.

டிரான்சிஸ்டரிலிருந்து, அந்த மூச்சு மெஷின் சத்தம். உள்ளே கட்டையே இல்லை ஐயா! ரப்பர் வாடை. டெட்டால் வாடை. எத்திராஜ் அதைப் பிய்த்து உப்பங்கழியில் எறிந்தார். சத்தம் நின்றது.

அவருடைய மூச்சும் நின்றது.

சைக்கிளோடு விழுந்தார். வாயைப் பிளந்து கத்துகிறார்... சத்தம் வரவில்லை. காதோரம் ஒரு பெண் குரல்.

"கத்துய்யா. நல்லா கத்து. நானும் இப்டித்தான் கத்துனேன்."

அப்புறம் மறுபடியும் புஸ்... டக். இந்த முறை அது அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். பேசவில்லை, சாப்பிடவில்லை, படுத்துவிட்டார். மனைவி சிவந்திக்குக் கலக்கம். புருஷன் நெஞ்சில் கையை வைத்தபடியே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அக்கம்பக்கத்தார் டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது.

"செத்து ஏழெட்டு மணி நேரம் ஆச்சேம்மா. ராத்திரியே சொல்லக் கூடாதா?"

சிவந்தி கையை எடுக்கவில்லை.

"இன்னா சார் சொல்றீங்கோ? தோ பாருங்கோ... நெஞ்சு இன்னும் ஏறி எறங்கிகினு கீதே."