உள்ளறையில் சொன்னது

நாற்காலி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, சார். என் அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி, இரண்டும் ஒரே உயரம். ஒன்றின் கால் தேய்ந்தால் மற்றதன் காலையும் நானே உட்கார்ந்து அறுப்பேன். ஒருவர் தலை மேலே தெரிந்தாலும் நியாயம் அங்கேயே படுத்துவிடும். "ராத்திரி கட்டிலையும் அளந்துட்டுப் படுங்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

புருஷன் பெண்டாட்டி தகராறைப் பேசித் தீர்த்து வைப்பதுதான் என் வேலை. இத்தனை வருஷத்தில் யார் பக்கமும் சாய்ந்ததில்லை. இந்தத் தையல்காரப் பெண் விஷயத்திலும் அப்படித்தான். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பேன், பிறகு ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிடுவேன். அங்கேதான் மனசு விட்டுப் பேசுவார்கள்.

ஒருமுறை அவள் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினாள். விரல் தடம் பதிந்திருந்தது. அவர் பக்கத்தையும் கேட்டேன், கோபத்தில் கை நீண்டுவிட்டதாம். கை நீட்டக் கூடாது என்று அவரிடம் சொன்னேன், கோபத்தைக் கிளறக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். சரிக்குச் சரி.

கடைசியாக வந்தபோது அவள் வீட்டை விட்டுப் போயிருந்தாள். எங்கே என்று எனக்கு மட்டும் உள்ளறையில் சொன்னாள். சலவைக் கடை மாடியில், தோழியின் அறை. "செத்தாலும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணா" என்றாள். தலையாட்டினேன். இனிமேல் பேச்சே வேண்டாம், கோர்ட்டுக்குப் போகிறேன் என்றாள். போகிறபோது கதவருகே நின்று, "நீங்க எப்பவுமே அவர் பக்கம்தான்" என்றாள்.

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சுருக்கென்றது, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்து அவர் உள்ளே வந்தார். நிதானமாகத்தான் இருந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். "இடம் மட்டும் தெரியட்டும், அன்னைக்கே அவ கதையை முடிச்சிடறேன்" என்றார். வாய்க்கு வந்ததை உளறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். இவர் உளறவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் நான் என்ன நடுவன்? ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்கும் தெரிய வேண்டும். சொன்னேன். படிக்கட்டு பின்பக்கம் இருக்கிறது என்றும் சொன்னேன், பாவம், அலையக் கூடாதே.

மறுநாள் நடந்ததை நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள். கத்தரிக்கோல்கூட அவளுடையதாமே. வருத்தமாகத்தான் இருந்தது. கொல்லத்தான் போகிறார் என்று தெரிந்தே சொன்னேன், சார். எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னதை அவள் காதில் போட்டீர்களா என்று கேட்கிறீர்கள். அப்போது அவள் தெருமுனைகூடத் தாண்டியிருக்கவில்லை. ஜன்னலிலிருந்து குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாள், அது உண்மைதான். ஆனால் அது உள்ளறையில் என்னை நம்பி அவர் சொன்னது. அதையெல்லாம் வெளியே விடுகிற ஆள் நான் இல்லை.