ஒட்டு அக்காவின் மூச்சு

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே, பட்டறையின் மூத்த தொழிலாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தூள் படிந்த சட்டையோடு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் ஒட்டு அக்கா போய்விட்டார். செயற்கைக் கல் பலகைகளை ஒட்டிச் சமையல் மேடைகளும் வரவேற்பு மேசைகளும் செய்யும் இந்தப் பட்டறையில் அவரைப் போல் ஒட்டியவர் யார்? இனி ஒட்டப்போவது யார்?

பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்பை நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்குவோம். அக்கா கையைத் தட்டிவிடுவார். "ஏன்டா, திருடனையா கட்டிப்போடுற? இப்படி இறுக்கினா பசையெல்லாம் வெளிய வந்துரும். அப்புறம் ஒட்டுக்குள்ள என்ன இருக்கும், உன் வீரமா?" என்பார். விளிம்பில் பசை மயிரிழை போல எட்டிப்பார்க்கும்வரை மட்டுமே அவர் திருகுவார். காய்ந்ததும் அதைச் சீவிவிட்டு, கரடான உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான தாள்வரை தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க ஒட்டின் கோடு மங்கும். பிறகு இருக்காது. எத்தனை முறை பார்த்தும் எனக்கு அது பழகவே இல்லை. ஒவ்வொரு முறையும் வாய் பிளந்துதான் நின்றேன்.

அந்த மருத்துவமனை வரவேற்பு மேசை நினைவிருக்கிறதா? மூன்று துண்டுகள், நடுவில் ஒரு வளைவு. பார்வையிட வந்த பொறியாளர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒட்டைத் தேடினார். நகத்தால் வருடினார். கடைசியில், "ஒரே பலகையா? இந்த வாசல்ல எப்படிம்மா நுழைச்சீங்க?" என்றார்.

"மடிச்சுக் கொண்டாந்தோம் சார்" என்றார் அக்கா.

நாம் சிரித்தோம். அக்காவும் சிரிக்கத்தான் தொடங்கினார், இருமலில் முடித்தார்.

அந்த இருமலைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க மாட்டேன். தேய்த்த தூள் எங்கே போனது? தரைக்குப் போனது பாதி. மீதி அவர் நெஞ்சுக்குப் போனது. தூள் உறிஞ்சும் இயந்திரம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் அக்காதான். "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்ற பதிலை நாம் எல்லோரும் கேட்டோம். வந்தது ஒரு துணி முகமூடி. நுரையீரல் படத்தைக் கையில் வாங்கியதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா வேலை செய்றீங்க?" என்பதுதான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அக்காவின் மகளுக்கு அதே வேலையைத் தருவதாகச் சற்றுமுன் முதலாளி அறிவித்தார். நாமும் தலையாட்டினோம். எதற்குத் தலையாட்டினோம்? அதே மேசைக்கா? அதே தூளுக்கா? அடைத்தே கிடக்கும் அதே ஜன்னலுக்கா? அந்தப் பெண் நேற்று என்னிடம் சொன்னாள்: "மாமா, எனக்கு அம்மாவோட வேலை வேணும். அம்மாவோட இருமல் வேணாம்."

அக்காவின் வேலையை நாம் தொடர்வோம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், தூள் உறிஞ்சும் இயந்திரம் பொருத்தப்பட்டு ஓடும்வரை நம் பட்டறையில் ஒரு தேய்ப்பு இயந்திரமும் ஓடாது.

அடுத்தது மௌன அஞ்சலி. நான் இப்போது சொன்ன முடிவுக்குச் சம்மதிப்பவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்.

முதலாளி அவர்களே, நீங்களும்தான்.