கதவுத் தாளம்

உங்கள் மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. சுற்றும்போது நடுநடுவே 'டிக்' என்கிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்கு எந்தச் சத்தமும் பழகுவதில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன். அணைத்துவிட்டீர்களானால் நல்லது. வியர்த்தால் பரவாயில்லை. நான் சொல்வது எதுவும் உங்கள் பதிவில் மங்கிப்போகக் கூடாது.

என் தொழில் பழைய பாட்டுகளின் ஓசையைத் திரும்பக் கொண்டுவருவது. பாட்டை அல்ல, ஓசையை. பாட்டை யார் வேண்டுமானாலும் பாடிவிடலாம். ஆனால் உங்கள் அப்பா அம்மா இளமையில் கேட்ட ரெக்கார்டுகளில் ஓர் அடி விழுந்தால், ஒரு பெரிய கூடமே திரும்பிப் பார்ப்பது போல் இருக்கும். அதைக் கணினியில் வரைந்து எடுக்க முடியாது. அதற்காகவே வால்வு வைத்த மைக்குகளையும் பீரோ அளவு ஒலிநாடா இயந்திரங்களையும், மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து தூக்கிவந்து பழுதுபார்த்து வைத்திருக்கிறேன். மெல்லிய துணியால் நானே துடைப்பேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். ஒருவனை மட்டும் தடுக்க முடியவில்லை. என் மனைவியின் தம்பி.

வீட்டில் அவனை டப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகும் முன்பே அடுக்களையில் கைக்கு எட்டிய டப்பாவையெல்லாம் தட்டி நசுக்கியவனாம். வளர்ந்து டிரம்ஸ் வாசிப்பவன் ஆனான். என் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாளமெல்லாம் அவன்தான். நல்ல கை. அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்ல வருவது அவன் வாயைப் பற்றி.

நல்ல மைக் ஒன்றின் முன்னால் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், ஹெட்போனில் எனக்கு எல்லாம் கேட்கும். நாக்கு அண்ணத்திலிருந்து பிரிவது, உதட்டோரம் எச்சில் நூலாக இழுபட்டு அறுவது, தொண்டையில் சளி ஏறி இறங்குவது. ஹெட்போனில் மனிதன் என்பவன் ஈரமான ஒரு பை, அவ்வளவுதான். பாடகர்கள் விஷயத்தில் இதைச் சகித்துக்கொள்வேன். வேண்டாததை வெட்டி எறிந்துவிடலாம். டப்பா என்னால் வெட்ட முடியாத ஆள். வாழைப்பழத்தை வாயைத் திறந்துகொண்டு மெல்லுவான். மென்றுகொண்டே பேசுவான், பேசிக்கொண்டே சிரிப்பான். தோலை நாடா இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவான். அவன் கழற்றி வைத்த ஹெட்போனை எடுத்தால் காதுப் பஞ்சு வெதுவெதுவென்று நனைந்திருக்கும். ஒரு தடவை அறுந்த நாடாவை ஒட்டச் சொன்னேன். விரல் நுனியை நாக்கில் வைத்து நனைத்து, அதே விரலால் நாடாவை நீவி நேராக்கினான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், நம்ம எச்சில்தானே" என்றான்.

அந்த நாடாவை எரித்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தாங்க. இப்பவும் என் தட்டுல கை வைக்காம அவனுக்குச் சாப்பாடே இறங்காது" என்றாள்.

அதைப் பெருமையாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுடைய தட்டை அவளுக்குத் தெரியாமல் நான் தனியாகக் கொதிநீரில் கழுவி வைத்தேன். இதையெல்லாம் சொல்வது, நான் எவ்வளவு பொறுமைசாலி என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

பிறகு ஒரு தயாரிப்பாளர் வந்தார். கையோடு ஒரு பழைய ரெக்கார்டு கொண்டுவந்து போட்டுக் காட்டினார். துள்ளலான பாட்டு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு அடி விழும். டிரம்ஸ் இல்லை, கைத்தட்டலும் இல்லை. கனமான எதன்மீதோ கனமான ஏதோ ஒன்று மோதுகிறது. அதன்பின் ஒரு வால், நீளமாக, ஊதுவத்திப் புகை போல மெல்லக் கரைகிறது.

"எனக்கு இந்த அடி வேணும் சார். பாட்டு, பாட்டுக்காரன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

வாரக்கணக்கில் தேடினேன். பெரிய முரசின்மேல் கம்பளியைப் போர்த்தி அடிக்க வைத்தேன். வேகமாக ஓடும் நாடாவில் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினேன். ஸ்பிரிங் வைத்த எதிரொலிப் பெட்டி வழியாக அனுப்பிப் பார்த்தேன். மேசை, பெட்டி, மரப்படிக்கட்டு என்று டப்பா அடிக்காத பொருள் இல்லை. அடி விழுந்தது. அதில் உயிர் இல்லை.

தயாரிப்பாளர் மறுபடி வந்த அன்று நான் உள்ளறையில் முரசுக்கு மைக் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே அந்த அடி கேட்டது. ஓடி வந்தேன். தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதேதான் சார். எப்படிப் பண்ணீங்க?"

டப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான் எங்க பண்ணாரு? இன்டர்நெட்ல எடுத்த சாம்பிள் சார் அது. எல்லாரும் வச்சிருக்காங்க. அவரு அங்க முரசுக்குப் போர்வ போத்திட்டு இருந்தாரு, நான் இங்க ஒரு பட்டன அமுக்கினேன்."

தயாரிப்பாளரும் சிரித்தார். டப்பா சிரித்த சிரிப்பில் மென்ற பழத்தின் துணுக்கு ஒன்று தெறித்து என் ஒலிக்கலவை மேசையில் விழுந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்துத் துடைத்தேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அருவருப்பு மட்டும்தான். சாம்பிள் என்பது என்ன? யாரோ எப்போதோ அடித்த அடியை வெட்டி எடுத்துவைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்வது. ஊரே மென்று துப்பியதை எடுத்து நம் வாயில் போட்டுக்கொள்வது. கொஞ்சம் பொறுங்கள், அசலையே தருகிறேன் என்று தயாரிப்பாளரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றார்.

பழைய ஒலிப்பதிவுக் கூடங்களில் எதிரொலி அறை என்று ஒன்று இருக்கும். வெற்று அறை. ஒரு மூலையில் ஒலிபெருக்கி, இன்னொரு மூலையில் மைக். உள்ளே எழும் ஓசை சுவருக்குச் சுவர் மோதி நீண்டு, மைக் வழியாக மேலே வரும். என் கூடத்துக்குக் கீழே சாமான் போட்டுவைக்கும் கான்கிரீட் அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்தேன். ஓசை வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால் சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்தேன். தடித்த மரக் கதவு போட்டு ஓரமெல்லாம் ரப்பர் வைத்தேன். வெளிப்பக்கம் இரும்புத் தாழ். உள்பக்கக் கைப்பிடி ஓசைக்கு அதிர்ந்து கடகடத்தது, கழற்றிவிட்டேன். கூரையோரக் காற்றுத் துளை வழியாகத் தெருச் சத்தம் கசிந்தது, அடைத்துவிட்டேன். நீங்கள் இவற்றைப் பெரிதுபடுத்துவீர்கள் என்று தெரியும். எந்த ஒலிப்பதிவாளரைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்பார்.

அன்று விடுமுறை. தெருவில் வண்டிகள் இல்லை. காலையில் இரண்டாவது பூச்சை அடித்து முடித்தேன். காயும்வரை கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்று டின்னின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். எதையும் படிக்காமல் பயன்படுத்துகிறவன் இல்லை நான்.

மதியம் டப்பா வந்தான்.

"உள்ள நின்னு கதவ அடிடா. விரலால இல்ல, உள்ளங்கையோட அடிப்பாகத்தால. ரெண்டு ரெண்டா" என்றேன்.

அவன் மூக்கைப் பொத்தினான். "என்ன அத்தான் இந்த நாத்தம். வாசல்ல நின்னாலே தலைய சுத்துது."

"ஒரே ஒரு டேக்தான்."

"சரி, முடிச்சிட்டு அக்காவையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது வெளிய போய்ச் சாப்பிடுவோம். நீங்க மனசு விட்டுச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அன்னிக்கு அவர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றபடி உள்ளே போனான்.

கதவைச் சாத்தித் தாழைப் போட்டேன். தாழ் போடாவிட்டால் அடிக்கும்போது கதவு ஆடும். மேலே வந்து நாடாவை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதலில் வந்தவை வாசிப்பவனின் அடிகள். அளவாக, அழகாக, அந்தச் சாம்பிளைப் போலவே சவமாக இருந்தன. "போதுமா அத்தான்?" என்றான். கீழே உள்ள ஒலிபெருக்கியில் கேட்கும்படி, "இன்னும் ஒண்ணு" என்றேன். அடித்தான். இருமினான். "கண்ணு எரியுது. தொறங்க, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்." இன்னும் ஒண்ணு என்றேன். இப்படிச் சில தடவை ஆயிற்று.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் கேட்கவில்லை. கதவிடம் கேட்டான். தாளம் போய்விட்டது, கையின் பழக்கமெல்லாம் போய்விட்டது. உடம்பு முழுவதையும் கொண்டுவந்து மோதினான். இரண்டு அடி, மூச்சு வாங்கும் இடைவெளி, மறுபடி இரண்டு அடி. ஒவ்வொன்றின் பின்னாலும் வால் எழுந்து நான்கு சுவரிலும் வழிந்து கரைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பழைய ரெக்கார்டில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. வாசிக்க நினைக்கிறவனுக்கு அந்த அடி வராது. வெளியே வர நினைக்கிறவனுக்குத்தான் வரும்.

"அத்தான், விளையாடாதீங்க" என்றான். பிறகு வெறும் அத்தான், அத்தான். பிறகு அக்கா என்று கூப்பிட்டான். அவள் அங்கே இல்லை, வீட்டில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அடிகள் கீழே இறங்கின, கதவின் அடிப்பக்கத்துக்கு. கடைசியில் அந்த ஈரம் வந்தது. குமட்டல், வாந்தி, தொண்டையில் ஏதோ குழைகிற ஓசை. அதை என்னால் தாங்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். நாடா தன் பாட்டுக்கு ஓடியது. அது தீர்ந்து சக்கரம் வெறுமே சுற்றத் தொடங்கிய பிறகுதான் கீழே போனேன். முகத்தின்மேல் கைக்குட்டையைப் போட்டுவிட்டுத்தான் அவனைத் தொட முடிந்தது.

கதவு தானாக இறுகிக்கொண்டது, நான் மேலே வேறு வேலையில் இருந்தேன் என்று சொன்னேன். உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாரையாவது கூப்பிட்டிருப்பானாங்க?"

"இல்லம்மா. தூங்குற மாதிரிதான் இருந்தான்."

அவள் என் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணீரும் மூக்குநீருமாக என் விரல்களெல்லாம் நனைந்தன. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்து போன பிறகுதான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நாடாவைப் பிரதியெடுத்து, அதிலிருந்து அந்த அடிகளை வெட்டி, இரண்டிரண்டாகக் கோத்துப் பாட்டில் வைத்தேன். பாட்டு வெளிவந்தது உங்களுக்கும் தெரியும்; நான் வந்தபோது வாசலில் நின்ற காவலரின் போனில் அதுதான் அடித்தது. பஸ்ஸில், துணிக்கடையில், சவரக்கடையில் எங்கும் அது. அந்த இடம் வரும்போது ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தட்டுகிறார்கள். ஒருநாள் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் பாட்டு வந்தது. கத்தியின் பிடி தானாகப் பலகையில் இரண்டிரண்டாகத் தட்டியது.

"இந்த இடம் நல்லா இருக்குங்க. அவன் இருந்தா நாள் முழுக்க இதையேதான் தட்டிக்கிட்டு இருப்பான்" என்றாள்.

ஆமாம் என்றேன். அவனை அருவருப்பு இல்லாமல் நினைக்க முடிந்தது அன்றைக்குத்தான். ஈரமெல்லாம் போய், கேட்கச் சுத்தமாக இருந்தான்.

இப்படியே இருந்திருக்கும். நேற்று ரேடியோவில் அந்தத் தயாரிப்பாளரைப் பேட்டி கண்டார்கள். அந்த அடி எப்படி வந்தது என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "அது ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. இன்டர்நெட்ல கிடைக்கிற சாம்பிள்தான். ட்ரம்மர் தம்பி ஒருத்தர் எடுத்துக் குடுத்தாரு, பாவம், இப்ப இல்ல" என்றார். நான் செய்து கொடுத்ததை அவர் காது கொடுத்தே கேட்கவில்லை.

அதனால்தான் வந்தேன். இந்தப் பையில் இருப்பது அசல் நாடா. எங்கும் வெட்டாதது. தாழைப் போட்டது நான். திறக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் இன்னும் ஒண்ணு என்று சொல்வது என் குரல். வார்னிஷ் என்ன செய்யும் என்று தெரிந்தே அவனை அனுப்பினேன், தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாம்பிள் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாடாவை நல்ல இயந்திரத்தில் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் வால் பாதியில் அறுந்துவிடும். இன்னொன்று. அவன்மேல் இருந்த வெறுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெறுக்கிற ஒருவனை யாராவது அவ்வளவு நேரம், அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பார்களா?