பாம்பு பிடிக்கத் தெரியுமா

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். தோளில் குழந்தை தூங்கிவிட்டாள். பக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறர் பேச்சைக் கேட்பது சரியில்லைதான். நகர்ந்தால் குழந்தை விழித்துவிடுவாளோ என்று அங்கேயே நின்றேன்.

“பாம்பு புடிக்கத் தெரியுமான்னு கேக்கறாரும்மா,” என்றாள் மகள்.

“யாரு?”

“விசாரணைக்குக் கூப்பிட்ட ஆபீசர்தான். இருளர்னா பாம்பு, எலியெல்லாம் புடிக்கத் தெரியணுமாம். தெரியாதுன்னேன். அப்ப பழங்குடின்னு எப்படி சர்டிபிகேட் தர்றதுன்னு சிரிக்கறாரு.”

“எம்எஸ்ஸி பிசிக்ஸ் படிச்சிருக்கேன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். உன்னப் பாத்தா இருளர் மாதிரியே இல்லியேங்கறாரு. அடுத்த வாரம் மறுபடி வரணுமாம்.”

“சர்டிபிகேட் இல்லாட்டி என்னாவும்?”

“பெல்லோஷிப் கெடைக்காது. அது இல்லாம பிஎச்டி சீட்டு கெடச்சு என்னாத்துக்கு? அஞ்சு வருஷம் எத வச்சும்மா படிக்கறது?”

“தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“புடிச்சுக் காட்டுன்னா? நீதான என்னை வரப்புப் பக்கமே விடல. படிக்கிற பொண்ணு எலி வளையில கை விடக் கூடாதுன்னு அடிச்ச.”

பேருந்து வந்ததும் அம்மா மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்கு எங்கூட கழனிக்கு வா. எலிலேர்ந்து ஆரம்பிக்கலாம்,” என்றாள்.